பழையதைத் தந்து புதியதைப் பெறுக

மனித குலம் இதுவரை எழுதிய வாக்கியங்களில் மிகச் சிறந்தது எது என்று யாராவது போட்டி வைத்தால், அந்த மலைப்பூங்காவின் பண்டகசாலைக் கதவில் பச்சை பெயின்டால் எழுதப்பட்ட நான்கு சொற்களுக்கே முதல் பரிசு போக வேண்டும். 'பழையதைத் தந்து புதியதைப் பெறுக.'

இந்த நான்கு சொற்கள் வந்த நாளிலிருந்து பண்டகசாலையில் ஒரு குண்டூசிகூடக் காணாமல் போனதில்லை. எரிந்துபோன பல்பைக் கொடுத்தால் புது பல்பு. தேய்ந்த துடைப்பத்தின் அடிக்கட்டையைக் கொடுத்தால் புதுத் துடைப்பம். ஒரு தோட்டக்காரர் கை கழுவ சோப்பு கேட்டபோது, தீர்ந்துபோன சோப்பை ஒப்படைக்கச் சொன்னார்கள். அவர் மூன்று நாள் யோசித்து, வீட்டிலிருந்த சோப்பை வாளித் தண்ணீரில் கரைத்து, நுரையோடு தூக்கிக்கொண்டு வந்தார். நுரைக்கு ரசீது கொடுத்தார்கள், சோப்பும் கொடுத்தார்கள். நிர்வாகம் என்றால் இதுவல்லவா நிர்வாகம்!

இத்தகைய ஏற்பாட்டுக்கும் ஒரு சோதனை வந்தது. வந்தது 'தவளை'யால்.

தவளை என்பது பூங்காவின் மலைவண்டி. குண்டுச் சக்கரம் நான்கு, பைக்கில் இருப்பது போன்ற ஹேண்டில்பார், கல்லிலும் சேற்றிலும் ஏறிப் போகும் தைரியம். அதை ஓட்டுபவர் ரோந்துக்காரர். தினமும் மாலை ஐந்து மணிக்கு உச்சியிலுள்ள மேல் வாசலைப் பூட்டிவிட்டு, செங்குத்தான இறக்கத்தில் இறங்கி வருவது அவருடைய கடமை. இறக்கம் முடியுமிடத்தில் பார்வையாளர்களின் கண்ணுக்கு விருந்தாக ஒரு தாமரைக் குளம் வெட்டியிருந்தார்கள்.

ஒரு வாரமாக ரோந்துக்காரர் அந்தக் குளத்தின் ஆழத்தைப் பற்றி எல்லோரிடமும் விசாரித்துக்கொண்டிருந்தார். பிரேக் லீவரை அமுக்கினால் அது வெண்ணெயில் இறங்கும் கத்தி மாதிரி கைப்பிடி வரை வந்து ஒட்டிக்கொண்டது. காலால் மிதிக்கும் பின் பிரேக் போன வருஷமே போய்விட்டது. அதன் கட்டை தேய்ந்து தூளாகி மலைப்பாதை முழுவதும் உதிர்ந்துவிட்டதால், ஒப்படைக்க ஒன்றும் மிஞ்சவில்லை. ஆகவே புதுக் கட்டையும் வரவில்லை.

வீட்டில் அவர் மூச்சுவிடவில்லை. நாற்றுப் பண்ணையில் வேலை பார்க்கும் மனைவிக்குத் தெரிந்தால், வேலையை விடச் சொல்வாள். அல்லது நேரே போய் இயக்குநரிடம் பேசிவிடுவாள். இரண்டில் எது பெரிய ஆபத்து என்று அவரால் முடிவுகட்ட முடியவில்லை. எனவே மனைவியின் அண்ணனிடம் சொன்னார். மச்சான்தான் பூங்காவின் மெக்கானிக்.

மெக்கானிக் ஹேண்டில்பாரில் இருந்த சின்ன டப்பாவைத் திறந்து பார்த்தார்.

"என்ன மாப்பிள்ளை இது, பிரேக் ஆயிலா, கடுங்காப்பியா? தண்ணி கோத்துக்கிச்சு, காத்தும் ஏறியிருக்கு. பழசைப் பூரா தள்ளிட்டுப் புதுசு விடணும். ஸ்டோர்ல ஒரு பாட்டில் வாங்கிட்டு வாங்க, அரை மணி நேர வேலை."

அரை மணி நேர வேலை! மெக்கானிக்குகள் பாவம், வெள்ளை மனசுக்காரர்கள்.

பண்டகசாலைக் காப்பாளர் இடது காலை ஒரு முக்காலியின் மேல் நீட்டி, ஊன்றுகோலை மேஜையில் சாய்த்து வைத்திருந்தார். அவர் தலைக்கு மேல் கண்ணாடிச் சட்டத்தில் ஒரு பாராட்டுப் பத்திரம்: 'ஒன்பது ஆண்டுகள். இருப்பில் குறைவு: இல்லை.' அலமாரியில் பிரேக் ஆயில் பாட்டில்கள் தூசு துடைத்து வரிசையாக நின்றன.

"ஒரு பாட்டில் பிரேக் ஆயில் வேணும் ஐயா."

"பழசு எங்கே?"

"வண்டிக்குள்ள இருக்கு."

"வெளிய எடுத்துட்டு வாங்க."

"அதை வெளிய தள்ளத்தான் ஐயா புதுசு. மேல புதுசை ஊத்த ஊத்தத்தான் கீழ பழசு வரும்."

காப்பாளர் கண்களை மூடி இதை உள்வாங்கிக்கொண்டார். "அதாவது, முதல்ல புதுசு, அப்புறம் பழசு."

"ஆமாங்க."

"கதவுல எப்படி எழுதியிருக்கு?"

ரோந்துக்காரர் வெளியே போய்ப் படித்துவிட்டு வந்தார். "பழசுதாங்க முதல்ல இருக்கு."

"பார்த்தீங்களா? அதை நானா எழுதினேன்?"

"இறக்கத்துல வண்டி நிக்க மாட்டேங்குது ஐயா. பயமா இருக்கு."

காப்பாளர் தம் இடது காலை ஒரு கணம் பார்த்துக்கொண்டார். "அந்த இறக்கம் எனக்குத் தெரியாதா? நீங்க ஒரு நாள் இந்த நாற்காலியில உட்கார்ந்து பாருங்க. அப்ப தெரியும் என் கஷ்டம்."

விஷயம் மேலே போனது. 'திரவப் பரிமாற்றம் குறித்த உயர்மட்ட ஆலோசனைக் கூட்டம்' இயக்குநர் தலைமையில் கூடியது. பாதுகாப்பு அதிகாரியும் வந்திருந்தார். அவர் இதுவரை தவளையில் ஏறியதே இல்லை, அவ்வளவு பாதுகாப்பானவர்.

"பழசை முதல்ல காலி பண்ணினா குழாய் பூரா காத்து ஏறிடும் சார்," என்றார் மெக்கானிக். "காத்து இருந்தா பிரேக் பிடிக்காது."

"ஏன் பிடிக்காது?" என்று ஆழமாகக் கேட்டார் இயக்குநர்.

"லீவரை அமுக்கினா காத்து சுருங்கிக்கும் சார். மேல என்ன அமுக்கினாலும் கீழ சக்கரத்துக்குப் போய்ச் சேராது."

"நம்ம ஆபீஸ்ல மட்டும் மேல சொல்றது கீழ போய்ச் சேருதா? ஆபீஸ் ஓடலையா?"

"ஓடுறது கஷ்டமில்லை சார். நிக்கிறதுதான்."

"இது இயற்கைப் பூங்கா," என்று குறுக்கிட்டார் பாதுகாப்பு அதிகாரி. "இங்க உட்கார்ந்துக்கிட்டுக் காத்தைக் குறை சொல்றது நல்லா இல்லை."

கூட்டம் ஒருமனதாகத் தீர்மானித்தது: பழைய திரவம் முழுவதும் இறக்கப்பட்டு ஒப்படைக்கப்படும், அதற்குச் 'சமமான அளவு' புதிய திரவம் வழங்கப்படும். வெளிக்கடையில் வாங்கி ஊற்றினால் ஆகாதா என்று கேட்கும் புத்திசாலிகளுக்கு ஒரு வார்த்தை: பண்டகசாலை வழியாக வராத எதுவும் பூங்கா வண்டிக்குள் நுழையக் கூடாது. வாசலில் பையைத் திறந்து பார்ப்பார்கள்.

பழைய ஆயிலைக் காப்பாளர் இருமல் மருந்து மூடியால் அளந்தார். பதினெட்டு மூடி வந்தது. பதினெட்டு மூடி புதுசு அளந்து ஊற்றினார்.

"காத்தை வெளிய தள்ள இன்னும் அரை பாட்டிலாவது ஓடணும் ஐயா," என்று கெஞ்சினார் மெக்கானிக்.

"அந்த அரை பாட்டிலுக்குப் பழசு இருக்கா?"

இல்லை. கேள்வி கேட்பதில் காப்பாளருக்கு நிகர் காப்பாளர்தான்.

மெக்கானிக் ஸ்பானரோடு முன்சக்கரத்தின் அருகே படுத்துக்கொண்டார். சக்கரத்திலிருந்து கண்ணாடி போன்ற ஒரு பிளாஸ்டிக் குழாய் காலி பாட்டிலுக்குள் இறங்கியது. லீவர் ரோந்துக்காரர் கையில்.

"அமுக்குங்க மாப்பிள்ளை. பிடிச்சுக்கங்க. திறக்கிறேன்... விடாதீங்க, விடாதீங்க! நான் மூடுறதுக்குள்ள விட்டீங்கன்னா காத்தை உள்ள இழுத்துக்கும். மூடிட்டேன், இப்ப விடுங்க."

குழாயில் குமிழிகள் ஒன்றன் பின் ஒன்றாக வந்தன. மறுபடி அமுக்கினார்கள், மறுபடி குமிழி. பத்து நிமிஷத்தில் மேல் டப்பா வறண்டது.

"ஆயில் தீர்ந்துடுச்சு. காத்து தீரலை," என்றார் மெக்கானிக் எழுந்து உட்கார்ந்து. "இந்த வண்டியை எடுக்காதீங்க மாப்பிள்ளை. சொன்னாக் கேளுங்க."

ஆனால் பாதுகாப்பு அதிகாரி அதற்குள் வண்டியின் நெற்றியில் 'புதிய திரவம் நிரப்பப்பட்டது. பாதுகாப்பானது' என்று ஒட்டிவிட்டார். பாதுகாப்பானது என்று சான்றளித்த வண்டியை ஓட்ட மறுப்பது ஒழுங்கீனம். ரோந்துக்காரர் ஏறி உட்கார்ந்தார்.

மாலை ஐந்தேகால் மணிக்குத் தவளை தன் பெயருக்கு ஏற்றபடி குளத்தில் இறங்கியது. ரோந்துக்காரரின் இடது கால் மூன்று இடத்தில் முறிந்தது. சேற்றிலிருந்து தூக்கியபோதும் அவர் லீவரை விடவில்லை; விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. விடாதீங்க என்று மச்சான் சொல்லியிருந்தாரே.

அடிபட்டவரை நடுத்தெருவில் விட்டுவிடும் நிறுவனமல்ல அது. மறுவாரமே காப்பாளர் ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். கையில் இரண்டு ஆப்பிள், ஒரு சாவி.

"மாசக் கடைசியில எனக்கு ஓய்வு. நாற்காலி உங்களுக்குத்தான்னு இயக்குநர் சொல்லிட்டார். எனக்கும் இப்படித்தான் கொடுத்தாங்க. அப்ப வேற வண்டி. அதே இறக்கம், அதே குளம்."

ரோந்துக்காரர் தலையணையிலிருந்து எழப் பார்த்தார். "ஐயா, நீங்களுமா? அப்புறம் ஏன் ஐயா என்கிட்ட பழசு கேட்டீங்க?"

"என்கிட்ட கேட்டாங்களே!" என்றார் காப்பாளர். இதில் என்ன சந்தேகம் என்பது போல ஆப்பிளை மேஜைமேல் வைத்தார்.

நிறுவனத்தின் பெருந்தன்மை அதோடு நிற்கவில்லை. காலியான ரோந்து வேலையை இயக்குநர் 'மகளிர் மேம்பாட்டுத் திட்டத்தின்' கீழ் ரோந்துக்காரரின் மனைவிக்கே கொடுத்தார். தவளையைக் குளத்திலிருந்து இழுத்து, கழுவி, ரோஜா நிறப் பெயின்ட் அடித்தார்கள். படம் எடுத்தார்கள்.

"பயப்படாதீங்க," என்றாள் மனைவி. "ஸ்கூட்டர் ஓட்டுறவளுக்கு இது என்ன பிரமாதம்? பிரேக்கை அண்ணன் சரிபண்ணித் தந்துடுவான்."

முதல் தேதியன்று ரோந்துக்காரர் நாற்காலியில் அமர்ந்தார். இடது கால் முக்காலியின் மேல். ஊன்றுகோல் மேஜையின் மேல். அமர்ந்த பிறகுதான் அந்த நான்கு சொற்களின் அழகு அவருக்குப் பிடிபட்டது. உள்ளே வந்தால்தான் வெளியே போகும். எதுவும் குறையாது. பாட்டில்களைத் தினமும் துடைத்தார். முன்னவரின் பாராட்டுப் பத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு காலிச் சட்டம் மாட்டியிருந்தது.

மூன்றாம் நாள் மதியம் மெக்கானிக் வந்தார்.

"மாப்பிள்ளை, பிரேக் ஆயில் ரெண்டு பாட்டில் குடுங்க. தவளைக்கு. உள்ள பூரா குளத்துத் தண்ணி. இன்னிக்குத்தான் தங்கச்சிக்கு முதல் ரோந்து."

ரோந்துக்காரரின் கை அலமாரிப் பக்கம் நீண்டது உண்மை. பாட்டிலைத் தொட்டதும் உண்மை. ஆனால் கண் காலிச் சட்டத்தின் மேல் விழுந்தது. கை திரும்பி வந்து மேஜையில் அமர்ந்தது.

"பழசு எங்கே மச்சான்?"

மெக்கானிக் ஊன்றுகோலைப் பார்த்தார். முக்காலியைப் பார்த்தார். அதன் மேல் நீண்டிருந்த காலைப் பார்த்தார்.

"பழசா? இந்த நாற்காலியில ரெண்டு பேரை ஒப்படைச்சாச்சு மாப்பிள்ளை. போதலைன்னா ரசீதைத் தயாரா வச்சுக்கங்க. அஞ்சு மணிக்கு என் தங்கச்சி இறக்கத்துல வருவா."