குழாய் சாரும் சாக்பீஸ் வழக்கும்

எல்லைப் போராட்டம் கொதித்த நாட்களில், பாறசாலை வட்டாரத்தில் தமிழா மலையாளமா என்று கட்சி சேராத ஒரே ஜீவன் எங்கள் குழாய் சார்தான். கோழிகூட ஏதோ ஒரு பக்கம் பார்த்துத்தான் கூவியது. கேட்டால், "ரெண்டுலயும் ஒரே எண்ணெய ஊத்திப் பாக்காம நான் எப்பிடிலே சொல்லுவேன்?" என்பார்.

நாங்கள் ஒரு சுறா எண்ணெய்க் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தோம். கண்ணாடிக் குழாயில் ஏதாவது பொடியைக் கெட்டித்து, மேலே எண்ணெயை விட்டு, ஈதரை ஊற்றிக்கொண்டே இருந்தால் அதிலுள்ள சரக்கெல்லாம் தனித்தனியாக இறங்கும். வைட்டமினை அப்படிப் பிரித்துத்தான் அளக்க வேண்டும். எந்தப் பொடி உத்தமம் என்பதே சாரின் ஆயுள் கவலை. சீனி, மரச்சீனி மாவு, எதையும் விடவில்லை. மனைவியின் முகப்பவுடரைக் கெட்டித்த அன்று வீட்டில் சோறு கிடைக்கவில்லை.

அந்த வாரம், சுறா ஈரலைக் காய்ச்சி எங்களுக்கு எண்ணெய் விற்கும் பொழியூர் ஞானமுத்துவின் சரக்கு சாக்பீஸ் பொடிக் குழாயில் தோற்றது. வேண்டாம் என்றார் முதலாளி. ஞானமுத்துவுக்கு அதை விட்டால் வேறு பிழைப்பில்லை.

"குத்தம் எண்ணெய்க்கில்ல, சோக்குக்காக்கும்," என்றார் சார். "அழுக்கும் வைட்டமினும் ஒண்ணா ஓடி வருது. அலுமினாப் பொடி போடணும். நல்லா வறுத்தா அது வைட்டமினையே தின்னுரும். இத்திரி, ஒரு சொட்டு தண்ணி காட்டினா அடங்கும்."

மறுநாள் காலை சாக்பீஸ், வறுத்த அலுமினா, தண்ணீர் காட்டிய அலுமினா என்று மூன்று குழாய்களைக் கெட்டித்து, மூன்றிலும் ஞானமுத்துவின் எண்ணெயையே விட்டு ஈதர் ஊற்ற ஆரம்பித்தார். அப்போது போலீஸ் நுழைந்தது. ஊர்ச் சுவரெல்லாம் யாரோ சாக்பீஸால் கோஷம் எழுதிவிட்டார்கள்.

"சந்தையில உள்ள சோக்கெல்லாம் வாங்கினது நீரா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"நான்தான். ஒண்ணுக்கும் கொள்ளாது சார்."

"சுவரெல்லாம் எழுதியிருக்கே?"

"சுவருக்குக் கொள்ளும். குழாய்க்குக் கொள்ளாது."

வண்டியில் ஏறச் சொன்னார்கள். "குழாய் வறண்டா விரிசல் விட்டுப்போவும், நான் வரல்ல!" என்று சார் மேசையைப் பிடித்துக்கொண்டார். "நான் ஊத்துதேன் சார்," என்று வாசலில் காத்து நின்ற ஞானமுத்து ஓடி வந்தார்.

"நீரு தொடப்பிடாது! நாளைக்கு முதலாளி கள்ளம்ணு சொல்லுவாரு."

சாக்பீஸுக்குக் காவலாக ஒரு மலையாளக் கான்ஸ்டபிளை நிறுத்தியிருந்தார்கள். சார் அவரிடம் திரும்பினார். "ஓய், அந்த பீடிய வெளிய எறியும். ஈதர் பத்திக்கிடும். இந்தா, இந்த ஈதர் குப்பியப் பிடியும், ஊத்திக்கிட்டே இரும்."

"ஞான் ஒழிக்காம் சாறே," என்று அவர் பயபக்தியோடு வாங்கிக்கொண்டார். மலையாளத்தில் ஊற்றுவதற்கு அப்படித்தான் சொல்வார்கள்.

பிறகுதான் சார் வண்டியில் ஏறினார். கான்ஸ்டபிள் ஊற்ற, நான் அளந்தேன். வறுத்த அலுமினா வைட்டமினைத் தின்றே விட்டது. தண்ணீர் காட்டிய குழாயில் இறங்கியதோடு, வைட்டமின் இருந்தால் நீலமாகும் சோதனை மருந்தைச் சேர்த்ததும் நல்ல நீலம். வைட்டமின் தாராளமாக உண்டு. ஞானமுத்து முதலாளியைக் கூட்டிவர ஓடினார்.

சாயங்காலம் சார் வந்தார். ஸ்டேஷனில் சாக்பீஸின் குறைகளை விளக்கிக்கொண்டே இருந்தாராம், பொறுக்கமாட்டாமல் விட்டுவிட்டார்கள். ஒரு கன்னம் வீங்கியிருந்தது. எண்ணெய் தேறியதா என்று அவர் கேட்கவில்லை.

"வறண்டுதாலே?"

"இல்ல சார்."

"அப்பம் தேறியிருக்கும் மக்கா," என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனார்.

சார் போய் வெகு காலமாயிற்று. இன்றும் காபி பில்டரில் வெந்நீர் இறங்குவதைக் கண்டால் என் கை தானாக இன்னும் கொஞ்சம் ஊற்றிவிடுகிறது. காபி தண்ணீராகிவிட்டது என்று வீட்டில் திட்டுகிறார்கள். சாரை நினைத்துக்கொண்டு நான் அதைக் குடித்துவிடுகிறேன்.