பூக்காத பன்னிரண்டு ரோஜாக்கள்

தாவரவியல் படித்தவனிடம் செடியை ஒப்படைக்கக் கூடாது. இந்த உண்மையை நான் இத்தனை காலம் மறைத்து வந்தேன். என் மனைவி சரோஜா எல்லோரிடமும் சொல்லி வந்தாள்.

எழுபதுகளின் நடுவில் நாங்கள் வேப்பம்பட்டில் குடியிருந்தோம். நான் பள்ளி ஆசிரியர். கும்மிடிப்பூண்டிப் பக்கம் இருந்த சரோஜாவின் பிறந்த வீடு தொழிற்பேட்டைக்காக எடுக்கப்பட்டு, திங்கட்கிழமை இடிக்க வருவதாக இருந்தது. அங்கிருந்து அவள் கேட்டது ஒன்றுதான். கிணற்றடியில் அவளுடைய அப்பா வைத்த ஒட்டு ரோஜா. கருஞ்சிவப்புப் பூ. அப்பா இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. முதிர்ந்த செடியைப் பெயர்த்தால் பிழைக்காது. குச்சி வெட்டி வைத்தால்தான் உண்டு.

"அவ்வளவுதானே" என்றேன். (இந்தச் சொல்லைச் சொன்ன எந்தக் கணவனும் உருப்பட்டதில்லை.)

ஞாயிற்றுக்கிழமை சரோஜாவோடு போய், பிளேடும் அடிக்கோலுமாகச் செடி முன் உட்கார்ந்தேன். பூத்த கிளைகள் மெலிந்து, இலையெல்லாம் கரும்புள்ளி. அடியிலிருந்து கிளம்பிய மூன்று கிளைகளோ ஈட்டி போல நிமிர்ந்து, பென்சில் கனத்தில், ஒரு புள்ளி இல்லாமல் நின்றன. பாடப்புத்தகமே முளைத்து வந்தது போலிருந்தது.

பக்கத்து வீட்டு மீன்காரச் செல்லம்மா வேலியோரம் வந்தாள்.

"இன்னா வாத்தியாரே, தரையாண்ட வெட்டிக்கினு கீறீங்க? பூ பூத்த குச்சியா பாத்து வெட்டுங்க."

"அதெல்லாம் சீக்குப் புடிச்சதும்மா. ஆரோக்கியமான குச்சிதான் வேணும்."

"படிச்சவரு சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று போய்விட்டாள். அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

பன்னிரண்டு துண்டுகள். கணுவுக்குக் கீழே சாய்வெட்டு, மேல்முனையில் சாணி, சுற்றி ஈரச்சாக்கு. ரயிலில் பெருமையோடு பிரித்து எண்ணினால் பதின்மூன்று இருந்தது. ஒன்று மெலிந்த குச்சி, புள்ளி இலையோடு.

"இது யார் வெச்சது?"

"நான்தாங்க. காலைல பூ பறிச்ச குச்சி. ஒண்ணே ஒண்ணு, தனியா வெச்சிக்கிறேன்."

ஒரு நோயாளி பன்னிரண்டு பேரையும் கெடுத்துவிடுவான் என்று பாடம் நடத்தி, பொன்னேரி தாண்டியதும் அதை ஜன்னல் வழியே எறிந்தேன். சரோஜா மெட்ராஸ் வரை பேசவில்லை. ஒப்புக்கொண்டாள் என்று நினைத்தேன்.

பன்னிரண்டும் பிழைத்தன. ஒரே வருடத்தில் கூரையைத் தொட்டன. முள் இருந்தது, இலை இருந்தது. பூ மட்டும் இல்லை. திருவள்ளூரிலிருந்து ஒரு நாற்றுப்பண்ணைக்காரரை அழைத்து வந்தேன். அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"ஒட்டுக்குக் கீழ வெட்டினீங்களா சார்? இது காட்டு ரோஜா. மேல ஒட்டுன பூச்செடிக்கு வேர் குடுக்க வெச்சது. நல்லா தளதளன்னு வளரும். வேலிக்கு ஆவும்."

ஒட்டுக்கட்டும் பாடத்தை அந்த வாரம்தான் ஒன்பதாம் வகுப்புக்குப் படம் போட்டு நடத்தியிருந்தேன். கும்மிடிப்பூண்டிக்கு ஓடினேன். கிணறு இருந்த இடத்தில் தகரக் கொட்டகை நின்றது. அன்று சரோஜாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "உடுங்க, வேலியாச்சு, ஆடு வராது" என்றாள். திட்டியிருக்கலாம்.

இப்போதும் எங்கள் வீட்டில் வரன் பார்த்துவிட்டு வந்து யாராவது "பையன் நல்லா தளதளன்னு இருக்கான்" என்றால், உடனே நாலு பேர் என்னைப் பார்த்துவிட்டு, "பூக்குமான்னு கேட்டீங்களா?" என்பார்கள்.

அதுகூடப் பரவாயில்லை. ரயில் பொன்னேரி தாண்டும்போது, சரோஜா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்றும் ஜன்னல் பக்கம் திரும்புவாள்.

"இன்னா பாட்டி பாக்கறே?" என்று பேரப்பிள்ளைகள் வேண்டுமென்றே கேட்பார்கள்.

"உங்க தாத்தா நட்ட ரோஜா. பூத்திருக்குதான்னு பாக்கறேன்."

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துக்கொண்டே எட்டிப் பார்ப்பேன்.