அக்னி மூலைக்குப் போன ரோபோ

அவனியாபுரம்,
12.11.2003

அன்புள்ள மாப்ளை செல்வக்குமாருக்கு, உன் மச்சான் மொக்கையன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அக்கா தாமரைச்செல்வியும் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம், நடமாடுகிறோம். இதை நலம் என்று எழுதலாமா என்று தெரியவில்லை. பேரையூரில் மழை உண்டா, உன் வயிற்றுவலி தேவலையா என்றெல்லாம் முறையாகக் கேட்டதாக எடுத்துக்கொள். நீ வக்கீல் குமாஸ்தா என்பதால்தான் எழுதுகிறேன். இத்துடன் இருக்கும் இரண்டு பக்கத்தை உன் வக்கீலிடம் காட்ட வேண்டும். ஏன் என்பதைக் கேள்.

எங்கள் கம்பெனியில் வெல்டிங் வைக்க ஒரு ரோபோ வாங்கினார்கள் என்று தீபாவளிக்கு வந்தபோது சொன்னேன் அல்லவா. ஆள் உயரத்துக்கு மேல் ஒரே ஒரு இரும்புக் கை. அதன் மூளை தனியே ஒரு பெட்டியில் இருக்கிறது, கன்ட்ரோலர் என்று பெயர். இரண்டுக்கும் நடுவே இரண்டு கேபிள். தடித்தது மோட்டாருக்குக் கரண்ட் கொண்டுபோகும். மெல்லியது, கை இப்போது எங்கே நிற்கிறது என்பதைப் பெட்டிக்குச் சொல்லும். புனேயிலிருந்து வந்த இன்ஜினியர் மூன்று நாளும் தயிர்சாதமே தின்றுகொண்டு, பாதி இங்கிலீஷிலும் பாதி சைகையிலும் எனக்கும் தவசிக்கும் பாடம் எடுத்தார். தவசியை உனக்குத் தெரியும், பதினோரு வருஷமாக என்னோடு எலக்ட்ரீசியன். மெயினை அணைத்துப் பூட்டுப் போடு, பெட்டிக்குள் மிச்சக் கரண்ட் நிற்கும், ஐந்து நிமிஷம் பொறு, முதலில் எர்த், அப்புறம் கேபிள், பிளக்கில் பின் வளைந்திருந்தால் அமுக்காதே, கேபிளில் கைவைத்தவன் வெளியே வந்து தன் வாயால் சொல்லும்வரை கடவுளே கேட்டாலும் சாவியைத் தராதே என்றார். நாங்கள் தலையாட்டினோம்.

ரோபோ எட்டு மாதம் ஒழுங்காகத்தான் வேலை பார்த்தது. போன மாதம் முதலாளி ஒரு வாஸ்துக்காரரை அழைத்து வந்தார். அவர் ஷெட்டை மூன்று முறை சுற்றிவிட்டு, நெருப்பு கக்குகிற சாமான் வாயு மூலையில் இருக்கலாமா, தென்கிழக்குக்கு மாற்றுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். கேபிள் இரண்டையும் கழற்றி, கிரேன் வைத்துத் தூக்கி, ரோபோவை அக்னி மூலையில் இறக்கினோம். சுற்றிலும் போட வேண்டிய கம்பிவேலியைப் பூஜை முடிந்து பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். மறுநாள் காலை பத்தரைக்குள் நல்ல நேரம். ரோபோ தலைகுனிந்து முதலாளிக்கு வணக்கம் வைக்க வேண்டும் என்று மேனேஜர் கிரிதரன் சார் ஏற்பாடு. அவர் கெட்ட மனுஷன் இல்லை, கே.கே. நகரிலிருந்து ஸ்கூட்டரில் வருகிறவர், எல்லோருக்கும் பயந்தவர்.

நான் மெயினை அணைத்துப் பூட்டினேன். தவசி ரோபோ கைக்குக் கீழே குனிந்து உட்கார்ந்து தடித்த கேபிளை மாட்டிவிட்டு, "அண்ணே, சின்ன கேபிள்ல ஒரு பின்னு வளைஞ்சிருக்கு, நிமித்தணும்" என்றான். குறடு எடுக்க வெளியே வந்தான். அந்த நேரம் பார்த்து என்னைக் கூப்பிட்டு, பெட்டிக்கு மாலை போடச் சொன்னார்கள். சாமந்தி மாலை, இடுப்பளவு நீளம். போட்டுக்கொண்டிருக்கும்போதே கிரிதரன் சார் வந்து சாவியைக் கேட்டார். "தவசி உள்ள இருக்கான் சார்" என்றேன். "வெளிய வந்துட்டான்யா, நான் பாத்தேன். பத்து இருபத்தஞ்சு ஆச்சு. முதலாளி நிக்கிறாரு." அவர் பார்த்தது நிஜம். குறடோடு அவன் திரும்பி உள்ளே போனதைத்தான் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை, எட்டி நின்று ஒரு குரல்கூடக் கொடுக்கவில்லை. கடவுள் கேட்கவில்லை மாப்ளை, மேனேஜர்தான் கேட்டார். கொடுத்துவிட்டேன்.

தவசி அப்போதுதான் சின்ன பிளக்கை அரைகுறையாகச் சொருகியிருக்கிறான். கிரிதரன் சார் மெயினைப் போட்டுப் பட்டனை அழுத்தினார். தான் எங்கே நிற்கிறோம் என்று தெரியாத அந்தக் கை, குனிவதற்குப் பதிலாகப் பக்கவாட்டில் ஒரு வீச்சு வீசியது. பூசாரி மணியடித்துக்கொண்டிருந்ததால் அலறல் முதலில் யாருக்கும் கேட்கவில்லை. அவசரத்துக்கு நிறுத்துகிற சிவப்புப் பட்டன் நான் போட்ட மாலைக்கு அடியில் இருந்தது. பூவைப் பிய்த்துப் பிய்த்துத் தேடினேன். முதலாளி கும்பிட்ட கையோடு நின்றார்.

தவசிக்கு வலது கையில் மூன்று விரல் போயிற்று. கிரிதரன் சார் தன் சட்டையைக் கழற்றிச் சுற்றினார், ஆட்டோவில் பனியனோடு அழுதுகொண்டே வந்தார். ஆஸ்பத்திரியில் தவசி சம்சாரம் சின்னத்தாய் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "விரல எங்கண்ணே வச்சிருக்கீக?" மயக்கம் தெளிந்த தவசி, "அண்ணே, மிசினு முதலாளிக்கு வைக்கிற வணக்கத்த எனக்கு வச்சிருச்சு" என்றான். சிரித்துவிட்டு வெளியே வந்து சுவரில் சாய்ந்துகொண்டேன்.

நேற்று ஆபீசில் ஒரு தாளை நீட்டினார்கள். தவசி யாருடைய அனுமதியும் இல்லாமல் கேபிளில் கைவைத்தான், தவறு அவனுடையதே என்று டைப் அடித்திருக்கிறது. கீழே சாட்சி என்று எனக்கு ஒரு கோடு. "படிச்சிப் பாத்துட்டு நாளைக்குப் போடுறேன் சார்" என்று வந்துவிட்டேன். நாளைக்கும் போடமாட்டேன். வேலை போனால் போகட்டும், உன் அக்காவும் சரி என்றுவிட்டாள். நடந்ததை நடந்தபடி எழுதி, சாவியைக் கொடுத்தவன் நான்தான் என்பதையும் எழுதி, இதில் வைத்திருக்கிறேன். வக்கீல் என்னையும் சேர்த்து இழுத்தாலும் சம்மதம்.

அத்தை மாமாவுக்கு என் வணக்கம். குழந்தைகள் நன்றாகப் படித்து, மின்சாரம் இல்லாத ஏதாவது உத்தியோகத்துக்குப் போகட்டும்.

இப்படிக்கு,
உன் மச்சான் மொக்கையன்

பி.கு.: தபாலில் போடுமுன் தவசியிடம் ஒரு வார்த்தை காட்டிவிடலாம் என்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவன் நேற்று ராத்திரியே அந்தத் தாளில் இடது பெருவிரல் ரேகை வைத்துக் கொடுத்துவிட்டானாம். சின்னத்தாய்க்கு பேக்கிங்கில் நிரந்தர வேலை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கட்டில் ஓரத்தில் அவள் கம்பெனி நீலச் சட்டையைப் பிரித்துத் தன் மேல் வைத்து அளவு பார்த்துக்கொண்டிருந்தாள். தவசி என் இரண்டு பக்கத்தையும் முழுசாகப் படித்தான். "அம்புட்டும் உண்மைதாண்ணே. ஆனா உன் பேப்பரு வக்கீல்கிட்ட போச்சுன்னா, எம் பேப்பரு பொய்யாயிரும். அவ சட்டையத் திருப்பிக் குடுக்கணும்." அதனால் வக்கீலிடம் எதையும் காட்டாதே, படித்ததும் எல்லாவற்றையும் அடுப்பில் போட்டுவிடு. அங்கிருந்து நேரே ஆபீசுக்குப் போய், சாட்சி என்ற கோட்டின் மேல் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.