மாப்பிள்ளை மேல் ஒரு வைஃபை புகார்

ஆவடி,
ஞாயிற்றுக்கிழமை.

மதிப்பிற்குரிய அண்ணனூர் சம்பந்தி வேலுசாமி அவர்களுக்கு, ஆவடி சம்பத் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் ராஜகுமாரியும் நலம். மாடியில் குடியிருக்கும் உங்கள் மகன் ஸ்ரீகாந்தும் என் மகள் வித்யாவும் நலம். உங்கள் முழங்கால் வலியும் சம்பந்தியம்மாவின் சர்க்கரையும் கட்டுக்குள் இருக்கும் என்று நம்புகிறேன். ஒரு ஸ்டேஷன் தூரத்துக்குக் கடிதமா என்று நினைப்பீர்கள். நேரில் வந்தால் சம்பந்தியம்மா வடை சுட்டுப் போட்டு என் வாயை அடைத்துவிடுவார்கள். போனில் பேசினால் மாடிக்குக் கேட்கும்.

விஷயம் இதுதான். எங்கள் வைஃபையில் ஒரு திருடன் புகுந்திருக்கிறான். நெட் ஊர்ந்துகொண்டு வருகிறதே என்று கேட்டதற்கு மாப்பிள்ளைதான் லேப்டாப்பில் கறுப்புத் திரையைத் திறந்து, ‘ஆர்ப்’ என்று அடித்து ஒரு கோடு, ஒரு ‘ஏ’ போட்டால் வைஃபையில் ஒட்டிக்கொண்டிருக்கும் சாமான்கள் எல்லாம் அதனதன் நம்பரோடு வந்து நிற்கும் என்று சொல்லிக்கொடுத்தார். தொழிற்சாலை ஸ்டோர்ஸில் சரக்குச் சரிபார்த்தே ரிட்டையர் ஆன எனக்கு இது அல்வா சாப்பிடுவது மாதிரி. லாஃப்டில் பத்திரப்படுத்தியிருக்கும் அட்டைப்பெட்டிகளை இறக்கி, டிவி, வாஷிங் மெஷின், ராஜகுமாரியின் பழைய போன், என் புதுப் போன் என்று பெட்டி நம்பரைத் திரையோடு ஒத்துப் பார்த்தேன். என் போன் நம்பர் மட்டும் திரையில் இல்லை. அதற்குப் பதில் எந்தப் பெட்டியிலும் இல்லாத ஒரு நம்பர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது. என் போனைத் தள்ளிவிட்டு இவன் ஏறிக்கொண்டான்! உடனே அந்த நம்பருக்கு ரூட்டரில் தடை போட்டேன். அடுத்த நிமிஷம் என் போனில் நெட் போயிற்று. பழிவாங்குகிறான், சம்பந்தி. பயந்துபோய்த் தடையை எடுத்துவிட்டேன்.

ஆள் யாரென்று பார்க்க வேண்டாமா? ராஜகுமாரியைத் திரை முன்னால் உட்கார வைத்துவிட்டு, மாப்பிள்ளையின் வண்டியில் பின்னால் ஏறி மார்க்கெட்டுக்குப் போனேன். நாங்கள் போனதும் திருடனைக் காணோம். திரும்பி வந்ததும் ஆஜர். மறுநாளும் அதே கதை. வீட்டைவிட்டுப் போய்வந்தது யார்? நீங்களே சொல்லுங்கள். மாடியில் தனிக் கனெக்‌ஷன் வைத்துக்கொண்டு மாமனார் நெட்டில் கை வைக்கலாமா? மாப்பிள்ளையை நேரில் கேட்பது முறையல்ல என்பதால் என் சந்தேகத்தை ராஜகுமாரியிடம் மட்டும் சொன்னேன். “இன்னாய்யா, மாப்ளையப் போயி திருடன்னு சொல்லிகினு கீற? உனுக்கு மூள கீதா?” என்று அவள் போட்ட சத்தம் மாடிக்கே போய், வித்யா இறங்கி வந்து, “நாங்க ஐயப்பன்தாங்கலுக்கே குடி போறோம்ப்பா” என்று சொல்லிவிட்டாள். ஒரே மகள், சம்பந்தி. காலையில் அவள் வந்து என் கையிலிருந்து பேப்பரைப் பிடுங்காவிட்டால் எனக்குக் காபி இறங்காது. ஆகவே நீங்கள் மகனைக் கண்டித்து, திருட்டை நிறுத்தச் சொல்லி, குடி மட்டும் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். உங்கள் குடும்பத்துக்கு ஒரு குறையும் வராமல் குலதெய்வம் காக்கட்டும்.

இப்படிக்கு,
மனம் நொந்த
சம்பத்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் மாப்பிள்ளை இறங்கி வந்து திரையைப் பார்த்தார். “மாமா, இது உங்க போன்தான். புதுப் போனுங்க பொட்டி நம்பர சொல்லாது, வேற நம்பர சொல்லிகினு உள்ள வரும்” என்றார். மார்க்கெட்டுக்கு அது என் சட்டைப்பையில்தான் வந்திருக்கிறது. மன்னிப்புக் கேட்டேன், சிரித்துவிட்டார். “அப்போ குடி போகலையே?” என்றேன். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. ஆபீஸ் பக்கமென்று ஐயப்பன்தாங்கலில் வீடு முன்பே பேசி முடித்தாயிற்றாம். எப்படிச் சொல்வதென்று தவித்தவர்களுக்குத் திருட்டுப் பழி போட்டு நானே ஒரு சாக்கைக் கொடுத்திருக்கிறேன். ஆகையால் கடிதத்தைக் கிழிக்காமல் அனுப்புகிறேன். மேலே எழுதியதைப் படித்துவிட்டு நீங்கள் பயங்கரமாகக் கோபித்துக்கொண்டு நாளைக்கே வந்து என்னோடு சண்டை போட வேண்டும். நம்மைச் சமாதானப்படுத்தவாவது பிள்ளைகள் கொஞ்ச நாள் இங்கேயே இருப்பார்கள். இந்தப் பின்குறிப்பை மட்டும் கிழித்துவிடுங்கள்.