பேய்க்குப் போட்ட பொன்னாடை

ரொறன்ரோவில் இருக்கும் மதிப்புக்குரிய சிவானந்தன் அண்ணைக்கு, லண்டன் சட்டனிலிருந்து தம்பி லோகன் எழுதுவது. இங்கே நான், மனைவி வசந்தமலர், மகள் மூவரும் நலம். அதில் மகள் அஜந்தா மட்டும் என்னோடு பேசாமல் நலமாக இருக்கிறாள். அந்த விஷயமாகத்தான் எழுதுகிறேன்.

உங்கள் பெறாமகள் அஜந்தா ஓபரா பாடுகிறாள் என்று அங்கே எல்லோருக்கும் சொல்லியிருப்பீர்கள். என்ன வேடம் என்று நான் சொல்லவில்லை. பேய். ஒரு பழைய ஆங்கிலப் பேய்க்கதையை இந்தக் காலத்து இசையமைப்பாளர் ஒருவர் பாட்டாக்கியிருக்கிறார். பாடுகிறவர்களும் சிலர், வாத்தியங்களும் சில. இடம் லூயிஷாமில் ஒரு பப்புக்கு மேலே உள்ள அறை. மேடை கிடையாது, முன்வரிசைக்காரரின் சப்பாத்துக்குப் பக்கத்திலேயே கதை நடக்கிறது. பின்னால் நடந்ததற்கு இதுவே முதற்காரணம் என்பதை நீங்கள் அவளிடம் எடுத்துச் சொல்ல வேண்டும்.

ஏரியில் மூழ்கி இறந்த பெண் தன் வீட்டுக்குத் திரும்பி வருகிறாள். புதிதாகக் குடிவந்தவர்கள் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கிறார்கள். அஜந்தா மேசையைச் சுற்றிச் சுற்றி வந்து உயிரைக் கொடுத்துப் பாடுகிறாள்; அவர்கள் பாணுக்குப் பட்டர் பூசுகிறார்கள். பேய் அவர்கள் கண்ணுக்குத் தெரியாது என்பது கதை, எனக்கும் விளங்கியது. ஆனால் அந்தப் பார்க்காத பார்வையை நான் இந்த நாட்டில் வந்து இறங்கிய நாளிலிருந்து அறிவேன் அண்ணை. பிள்ளையிடமும் அதையே காட்டினால் ஒரு மனிதன் எவ்வளவு நேரம் கதிரையில் இருப்பது?

வசந்தமலர் என் கையைப் பிடித்தாள். "இருங்கோப்பா, அவை நடிக்கினம்."

"நல்லாத்தான் நடிக்கினம். ஆராவது ஒருத்தர் பிள்ளையைப் பாக்கத்தானே வேணும்."

நிகழ்ச்சி முடிந்ததும் போடுவதற்கென்று கொண்டுபோன பொன்னாடை பையில் இருந்தது. பாட்டு நடக்கும்போதே எழுந்து இரண்டெட்டு வைத்தேன், அவளுக்குப் போர்த்தினேன், கும்பிட்டேன், திரும்பி வந்து இருந்தேன். வயலின் மட்டும் சற்றுத் தடுமாறியது. அஜந்தா சரிகைக் கரையோடு ஏரிக்குத் திரும்ப வேண்டியதாயிற்று.

"பேய்க்கு ஆராவது பொன்னாடை போடுவினமோ அப்பா?" என்று ரயிலில் கேட்டாள். அதன்பிறகு பேச்சில்லை. இயக்குநர் தன்னை நீக்கிவிடுவார் என்று பயப்படுகிறாள். இனி அந்தப் பப்பின் படிக்கட்டில்கூடக் கால் வைப்பதில்லை என்று சுவாமிப்படத்துக்கு முன்னால் சத்தியம் செய்துவிட்டேன். நீங்கள் ஒருக்கால் போன் எடுத்து எனக்காகக் கதைக்கவும். அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் சகல நலன்களும் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
நிம்மதியில்லாத தம்பி
லோகன்

பி.கு: போன் எடுக்க வேண்டாம். பத்திரிகையில் விமர்சனம் வந்திருக்கிறது. உயிரோடிருப்பவர்களில் ஒருவர் மட்டும் இறந்தவளைக் கண்டு மரியாதை செய்யும் இடம் நெஞ்சை உலுக்கியதாம். மிச்ச நாட்களுக்கும் நான் வரவேண்டும் என்று இயக்குநர் கேட்கிறார். சத்தியத்துக்கு வசந்தமலர் ஐயரிடம் பரிகாரம் கேட்டிருக்கிறாள். அஜந்தாவும் பேசிவிட்டாள்: "நாளைக்கும் வாங்கோ அப்பா. ஆனா தேத்தண்ணி குடிக்கிற ஆக்களை முறைக்காதேங்கோ."

அதற்கு மட்டும் நான் வாக்குக் கொடுக்கவில்லை.