நான்காவது பெட்டி மன்னர்

சந்தனவேலி நாட்டுக்குப் போக ஏழு கடல் தாண்ட வேண்டியதில்லை. கேபிள் கம்பி போகிற வழியிலேயே போனால் போதும். கம்பி முடிகிற இடத்தில் அரண்மனை இருக்கிறது. அங்கே அரசாண்டவர் மகிழவர்மர். நல்ல மனிதர்தான். சாப்பிட்ட பிறகு யாரையும் தண்டிக்க மாட்டார்.

அரண்மனை டிவியில் உள்ளூர் சேனல் ஒன்றுதான் வரும். அதில் ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவே ஒரே விளம்பரம். பெரிய சேனலில் வருகிற கேள்வி-பதில் போட்டியைக் கிண்டலடித்துத் தில்லைக்கோவிந்தன் என்ற பாத்திரக்கடைக்காரர் எடுத்தது. இரவல் கோட்டைப் போட்டுக்கொண்டு அவரே கேள்வி கேட்பார். எதிரே உயரமான ஸ்டூலில் அவருடைய மச்சான் வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருப்பார். "உங்க வீட்டுக் கல்யாணத்துக்குப் பாத்திரம் எங்க வாங்குவீங்க? விடை நாலு இருக்கு, யோசிச்சுச் சொல்லுங்க!" நான்கிலும் அவர் கடைப் பெயர்தான். மச்சான் நெற்றியைத் தேய்ப்பார், பெண்டாட்டிக்குப் போன் போடுவார், கடைசியில் நான்காவது விடை என்பார். ஜிகினாத் தாள் கொட்டும். பரிசு ஓர் அண்டா.

நாடே சிரித்தது. மன்னர் மட்டும் சிரிக்கவில்லை. அசல் போட்டியை அவர் பார்த்ததே கிடையாது என்பதால், இது கிண்டல் என்று அவருக்குத் தெரியவில்லை. கண் கலங்கிவிட்டார்.

"யாருமே தோற்காத போட்டி! என்ன கருணை! அமைச்சரே, நம் ஆட்சியும் ஏன் இவ்வாறு நடைபெறக் கூடாது?"

அமைச்சர் ஏகாம்பரனாருக்கு அது விளம்பரம் என்று தெரியும். ஆனால் தெரிந்ததைச் சொல்லி அந்தப் பதவிக்கு வந்தவரல்ல அவர். "நாளையே நடைபெறும் மன்னா" என்றார்.

மறுநாள் முதல் மனு வாங்குவது நின்றது. குறை சொல்ல வருகிறவர்கள் வெற்றி மண்டபத்தில் ஸ்டூலில் ஏறி உட்கார்ந்து ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். முதல் ஆளாக வந்தவள் குருவம்மாள். பெருவாய்க்காலுக்கு அக்கரையில் மல்லிகை போட்டிருப்பவள். வாய்க்கால் பாலம் இடிந்துவிட்டது. சுற்றிக்கொண்டு போனால் சந்தை போய்ச் சேருவதற்குள் மொட்டெல்லாம் விரிந்துவிடும். விரிந்த பூவை எந்த வியாபாரியும் தொட மாட்டான். அவளும் இரண்டு பெண்பிள்ளைகளும் அந்த மொட்டை நம்பித்தான் உலை வைக்க வேண்டும்.

"சாமி, எங்க ஊருப் பாலம்..."

"போட்டியாளர் வினா எழுப்பலாகாது" என்றார் ஏகாம்பரனார். "இதோ உமக்கான வினா. நம் நாட்டின் உறுதியான பாலம் எது? முதல் விடை, பெருவாய்க்கால் பாலம். இரண்டாவது, பெருவாய்க்கால் பாலம். மூன்றாவது, பெருவாய்க்கால் பாலம். நான்காவது..."

"அது இடிஞ்சுல்ல சாமி கெடக்கு?"

"அப்படியொரு விடை கொடுக்கப்படவில்லை. மணி ஓடுகிறது."

குருவம்மாள் சுற்றுமுற்றும் பார்த்தாள். கூட்டம் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தது. "அப்ப மூணாவதுன்னு வச்சுக்கங்க" என்றாள். ஜிகினாத் தாள் கொட்டியது. மன்னரே எழுந்து கைதட்டினார். அவள் ஜெயித்துவிட்டாள். ஒரு சின்ன அண்டாவோடு வீடு திரும்பினாள்.

பாலத்தைத் தினமும் பயன்படுத்துகிறவளே அது உறுதியானது என்று சொல்லிவிட்டதால், அதற்குள் ஊர்க்காரர்கள் வாய்க்காலின் குறுக்கே நடப்பதற்காகப் போட்டிருந்த தென்னந்தடியை வீரர்கள் வந்து எடுத்துப் போனார்கள். உறுதியான பாலத்தின் பக்கத்தில் தடி கிடப்பது பாலத்துக்கு அவமானமாம். வேறு வழியில்லாமல் குருவம்மாள் பூவை அந்த அண்டாவில் போட்டு, கழுத்தளவுத் தண்ணீரில் தள்ளிக்கொண்டே வாய்க்காலைக் கடந்தாள். அதைக் கேள்விப்பட்ட மன்னர் பூரித்துப்போய், 'மாமன்னர் அண்டாப் போக்குவரத்து' என்று அதற்குப் பெயர் வைத்தார். நடு வாய்க்காலில் தம் படத்தை நட்டார். கடக்கிறவர்கள் படத்துக்கு இரண்டு கையாலும் கும்பிடு போட வேண்டும் என்று சட்டம் வந்தது. இரண்டு கையையும் எடுத்தால் அண்டா சும்மா நிற்குமா? பாதி மல்லிகை தண்ணீரோடு போயிற்று. எனக்கே வயிறு எரிந்தது. அவளுக்கு எப்படி இருந்திருக்கும்!

அரண்மனைப் பரிசுக்கு அண்டா கொடுத்துக் கொடுத்துக் கடை காலியானதும் தில்லைக்கோவிந்தன் ஓடி வந்தார். "மகாராசா, அது சும்மா சிரிக்கிறதுக்காக எடுத்ததுங்க. நாலும் ஒண்ணா இருக்கிறதுதாங்க அதுல தமாசே!"

"தமாஷா? எந்த இடத்தில்?" என்று மன்னர் சபையைப் பார்த்தார். சபையில் ஒருவருக்கும் அந்த இடம் தெரியவில்லை. கடைக்காரரை ஸ்டூலில் ஏற்றினார்கள். விளம்பரத்தில் தமாஷ் உண்டா என்பது கேள்வி. இல்லை, இல்லை, இல்லை, இல்லை என்பவை விடைகள். அவரும் ஜெயித்து, தன் கடை அண்டாவையே பரிசாக வாங்கிக்கொண்டு போனார்.

பிறகு தேர்தல் வந்தது. அதையும் அதே முறையில் நடத்தினார்கள். சாவடியில் நான்கு பெட்டிகள், நான்கிலும் மகிழவர்மர் படம். மக்களுக்கு இதில் பெரிய குறையொன்றும் இல்லை. யாருக்குப் போடுவது என்று குடும்பத்துக்குள் சண்டை வராது, போட்டுவிட்டு வந்ததும் தலையில் ஜிகினா விழும். சந்தோஷமாகவே வரிசையில் நின்றார்கள். ஆனால் குருவம்மாள் உள்ளே போனவள் போட்டபாடில்லை.

"என்னம்மா யோசனை?" என்றார் சாவடி அதிகாரி.

"இந்த நாலு ராசாவுல பாலம் கட்டுறவரு யாருன்னு பாத்துக்கிட்டு இருக்கேன்யா."

அதிகாரி விதிகளைப் புரட்டினார். இதற்கு அவற்றில் பதில் இல்லை. பின்னால் வரிசை நெருக்கியது. "நாலாவது ஆளு கட்டுவாரு, போட்டுட்டு நகருங்கம்மா" என்றார்.

அவள் வெளியே வந்து பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னாள். அவள் தன் நாத்தனாரிடம் சொன்னாள். சாயங்காலத்துக்குள் இரு கரையும் திரண்டு வந்து நான்காவது பெட்டியை நிரப்பிவிட்டுப் போயின.

எண்ணி முடித்ததும் ஏகாம்பரனார் ஓடி வந்தார். "வெற்றி மன்னா! தாங்களே வென்றீர்கள்!"

"நான் எந்தப் பெட்டி?"

"தாங்கள்... எப்போதும் முதற்பெட்டிதானே மன்னா."

"வென்றது?"

"நான்காம் பெட்டி."

மன்னரின் முகம் கறுத்தது. "அப்படியானால் நான் தோற்றிருக்கிறேன். யார் அந்த நான்காமவன்?"

"அவரும் தாங்களே."

"என் முகத்தை வைத்துக்கொண்டு என்னையே கவிழ்க்கப் பார்க்கிறானா? எதைச் சொல்லி ஜெயித்தான்?"

"பாலம் கட்டுவதாகப் பேச்சு."

மகிழவர்மர் அன்று சாப்பிடவே இல்லை. நான்காமவன் செங்கல்லில் கை வைப்பதற்குள் நாம் கட்டி முடித்துவிட வேண்டும் என்று ஆணையிட்டார். கொத்தனார்கள் பறந்தார்கள். மன்னரே குடை பிடித்துக்கொண்டு நின்று சிமெண்டைச் சரிபார்த்தார். மல்லிகை சீசனுக்குள் பாலம் எழுந்துவிட்டது. 'கட்டியவர்: முதற்பெட்டி மன்னர். நான்காமவரை நம்பாதீர்' என்று பெரிய பலகையும் வைத்தார்கள்.

குருவம்மாள் கூடை நிறைய மொட்டோடு பாலத்தில் நடந்து வந்தாள். பலகையைப் படித்தாள். வயிறு குலுங்கச் சிரித்தாள். சந்தைக்குப் போய்ப் பூவை இறக்கி வைத்துவிட்டு, தராசு பிடித்திருந்த வியாபாரியிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"சேதி தெரியுமாண்ணே? அடுத்த தடவை மூணாவது ராசா ஆசுபத்திரி கட்டுறாராம்."