செட்டிங்ஸ் தின்னும் கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டருக்கு என்னைக் கண்டால் பயம். பெருமைக்குச் சொல்லவில்லை, ஆனால் சொல்லும்போது பெருமையாகத்தான் இருக்கிறது. எங்கள் குடியிருப்பில் பிரிண்டர் இருமினால்கூட என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

அப்பேர்ப்பட்ட என் மானத்தை என் வீட்டுக் கம்ப்யூட்டரே வாங்கியது. விஷயம் ஒரு கார் ரேஸ் கேம். பிரேக்குக்கு எந்த பட்டன், எவ்வளவு வேகம், எவ்வளவு சத்தம் என்று நான் வைக்கும் செட்டிங்ஸையெல்லாம் அது ஒரு குட்டி ஃபைலில் எழுதிக்கொள்ளும். ஆபீஸ் போய்விட்டு வந்து திறந்தால் ஃபைல் காலி. ‘புதியவரே, வருக’ என்று எனக்கே முதல் பாடம் நடத்தும். சனிக்கிழமை மேல்மாடிப் பல் டாக்டரோடு போட்டி வேறு. தோற்றால், அவர் நாற்காலியில் வாயைப் பிளந்து கிடக்கும்போது கிண்டலுக்குப் பதில்கூடச் சொல்ல முடியாது.

“ஏங்க, விஷயம் தெரிஞ்சவங்க யாரையாவது கேக்கலாமா?” என்றாள் மனைவி.

“என்னைவிடத் தெரிஞ்சவன் எவன் இருக்கான்?”

“அதுவும் சரிதான்.”

இந்த அடக்கம்தான் அவளிடம் எனக்குப் பிடித்தது.

கேமை அடியோடு அழித்து மறுபடி ஏற்றினேன். திரையில் பச்சைக் கோடு ஆமை வேகத்தில் நகர்ந்தது.

“இது எப்பங்க முடியும்?”

“நேரமாகும். பக்கத்துலயே இருந்து பாத்துக்கணும்.”

“கண்ணுக்குத்தானே வேலை? கை சும்மாதானே இருக்கு?”

துவைத்த துணிக் குவியல் என் மடிக்கு வந்தது. மடித்தேன்.

மறுநாளும் ஃபைல் காலி. மறுபடி ஏற்றினேன்; பூண்டு உரித்தேன். அதற்கடுத்த நாள் வைரஸைத் தேடவிட்டேன். வீட்டிலுள்ள ஷூவெல்லாம் பளபளத்தது. வேறு எவனாக இருந்தாலும் கம்ப்யூட்டரைத் தூக்கிப் போட்டு உடைத்திருப்பான். என் பொறுமையை நானே மெச்சிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மூளை மின்னியது. யாரும் மாற்றவோ அழிக்கவோ முடியாதபடி அந்த ஃபைலுக்குப் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டினேன். சனிக்கிழமை காலை திறந்து பார்த்தால் எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது.

“பாத்தியா? இனிமே ஆண்டவனே வந்தாலும் அழிக்க முடியாது.”

“கெட்டிக்காரருங்க நீங்க.”

அவள் முகம் லேசாக வாடியது. புருஷன் பெருமை தாங்காமல் என்று நினைத்துக்கொண்டேன். போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள்.

சற்று நேரத்தில் டாக்டரே கூப்பிட்டார். “சார், போட்டி கிடக்கட்டும். என் கேம்லயும் செட்டிங்ஸ் போயிடுச்சு. நீங்கதான் காப்பாத்தணும்.”

எதிரியே சரணடைந்தபின் வேறென்ன வேண்டும்? நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு படியேறினேன். கேமை அழித்து மறுபடி ஏற்றினேன். பச்சைக் கோடு நகர ஆரம்பித்தது. டாக்டரின் மனைவி ஒரு கூடை வெங்காயத்தையும் கத்தியையும் என் முன்னால் வைத்தார்.

“தப்பா நினைக்காதீங்கண்ணா. கை சும்மா இருந்தா உங்களுக்கு ரிப்பேரே ஓடாதுன்னு உங்க வீட்டு அக்கா சொன்னாங்க. எந்த ஃபைலை அழிச்சா நீங்க வருவீங்கன்னும் அவங்கதான் சொன்னாங்க.”

நான் கத்தியை எடுத்து முதல் வெங்காயத்தை நறுக்க ஆரம்பித்தேன்.

“கொஞ்சம் சீக்கிரம் நறுக்குங்கண்ணா. அடுத்து உங்களை எதிர் வீட்டுக்குச் சொல்லியிருக்காங்க.”